அம்மாவைக் கடித்த பீரோ

கடுகு வெடிப்பதுபோல் ‘பட்’டென்று ஒரு சத்தம். அம்மா கையை உதறிக்கொண்டு, “என்னங்க, பீரோ கடிக்குதுங்க” என்றாள்.

அது கோடையில் வந்த நோன்பு மாதம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் எங்கள் வீடு. சவுதியிலிருந்து மாமா கொண்டுவந்த ‘புசுபுசு’ கம்பளி திருச்சி வெயிலுக்கு எதற்கும் ஆகாமல், பிள்ளைகள் நாங்கள் புரண்டு விளையாடத்தான் ஆனது. விளையாடி முடித்ததும் அம்மா அதை உதறி மடித்து இரும்பு பீரோவுக்குள் வைப்பாள். கைப்பிடியைத் தொட்டதும் கடி.

அத்தா தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. எலெக்ட்ரிஷியன் டெஸ்டரை வைத்துப் பார்த்து, “கரண்டெல்லாம் இல்லீங்க பாய்” என்று போய்விட்டார்.

“நோன்புக் கிறக்கம்” என்றார் அத்தா.

“பீரோவும் நோன்பும்மா. பசி தாங்காம கடிக்குது” என்றான் அண்ணன்.

அம்மா சிரிக்கவில்லை. சாவியை அத்தா கையில் வைத்தாள். “பெருநாள் துணியெல்லாம் உள்ளதான் இருக்கு. நீங்களே தொறந்துக்குங்க.” அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பொய்க்காரி ஆகிவிட்டோமே என்று அவளுக்கு. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்குள் எல்லாரும் வெறுங்கால். அம்மா மட்டும் குதிகால் வெடிப்புக்காக ரப்பர் செருப்பு போட்டிருப்பாள். மறுநாள் மதியம் அவள் தொழுதுகொண்டிருந்தபோது, ஆசைக்கு அதை மாட்டிக்கொண்டு, கம்பளியை உதறி மடித்துப் பீரோவைத் தொட்டேன்.

பட்!

“அம்மா, என்னையும் கடிச்சிருச்சு!”

செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளியை உதறித் தொட்டேன். கடிக்கவில்லை. போட்டுக்கொண்டு உதறித் தொட்டேன். கடித்தது. அத்தாவும் மாட்டிப் பார்த்தார்; அவர் குதிகால் அந்தச் செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உதறினார், தொட்டார், “யா அல்லா!” என்று துள்ளினார்.

“என்ன, நோன்புக் கிறக்கமா?” என்றாள் அம்மா. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீடெல்லாம் வந்து, கடி வாங்க வரிசையில் நின்றது.

உதறும்போது உடம்பில் மின்சாரம் ஏறுமாம். வெறுங்காலென்றால் தரைக்கு இறங்கிவிடும். ரப்பர் விடாது. இரும்பைத் தொட்டால் அதில் பாய்ந்துவிடும். அண்ணன் பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்து சொன்னது. பீரோவில் ஒன்றுமில்லை. எல்லாம் அம்மாவிடம்தான் இருந்திருக்கிறது. பெருநாள் காலையில் அவளே சாவியை வாங்கித் திறந்தாள்.

இப்போது அம்மா இல்லை. பீரோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. கம்பளியும் எங்கே போனதோ.

போன வாரம் என் சின்ன மகள் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து செருப்புக் காலோடு எழுந்துபோய் இரும்பு கேட்டைத் தொட்டாள். “கேட்டு கடிக்குதும்மா!” எல்லாரும் சிரித்தார்கள்.

“ஆமா, கடிக்கும்” என்றேன்.