சம்மதம் கேட்டு ஒரு மொட்டை

இந்தப் பத்திக்கு மேலே சிரித்துக்கொண்டிருக்கும் போட்டோவில் எனக்கு முடி இருக்கிறது. நம்ப வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் இருந்தது, அவ்வளவுதான்.

காரணம், என் தங்கை மகள் யாழினி. வயது ஐந்து.

தங்கை கவிதா கள்ளக்குறிச்சியில் இருக்கிறாள். பிள்ளையை அடிக்காமல், அதட்டாமல் வளர்ப்பது என்று முடிவெடுத்தவள். ஜென்டில் பேரன்ட்டிங்! எல்லாம் செல்போனில் வீடியோ பார்த்துப் படித்ததுதான். குழந்தையின் கண்ணுக்கு நேராகக் குனிந்துதான் பேச வேண்டும். எதற்கும் சம்மதம் கேட்க வேண்டும். குழந்தை 'போதும்' என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும் — சோறு ஊட்டினாலும் சரி, கிச்சுகிச்சு மூட்டினாலும் சரி.

நல்ல விஷயம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்... மொட்டைப் பேச்சு வரும் வரைக்கும்.

குலதெய்வத்துக்கு முதல் மொட்டையை ஒரு வயதிலேயே போட்டிருக்க வேண்டும். கவிதா மறுத்துவிட்டாள். "அவ தலை, அவ முடி. பதில் சொல்ற வயசு வரட்டும். கேட்டுட்டு எடுக்கலாம்" என்றாள். அந்த வயதும் வந்தது. வீட்டில் கேட்டபோது யாழினி 'சரி' என்றாளாம். 'சரி' சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 'வேணாம்' சொல்லவும் தெரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இதில் இன்னொரு சிக்கல், யாழினியின் பெரியப்பா. கவிதாவுடைய வீட்டுக்காரர் பிரபுவின் அண்ணன். நைனார்பாளையத்தில் கரும்பு போடுகிறவர். அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான், பிரபு எதிர்த்து வாய் திறக்க மாட்டார். மனிதர் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த வாட்டி சாமி காரியம் ஒழுங்கா நடக்கணும். இல்லன்னா லீவு வுட்டதும் புள்ளைய என் வூட்ல வுட்டுடு. ஒரே மாசத்துல நேராக்கி அனுப்பறேன்."

எப்படி நேராக்குவார்? மாட்டுக்கொட்டகையில் செருகியிருக்கும் புளியங்குச்சியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கவிதாவுக்குப் பாதி ராத்திரி தூக்கம் போய்விட்டது.

கோமுகி அணை தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் கோயில். கெடா வெட்டி, பிரியாணி தம்மில் இருக்கிறது. மொட்டை முடிந்து படையல் போட்டால்தான் பந்தி. நான் தாய்மாமன். புது வேட்டியோடு மணையில் உட்கார்ந்து மடியைத் தயாராக வைத்திருந்தேன். யாழினி வந்தாள். சவரக் கத்தியைப் பார்த்தாள்.

"வேணாம்."

"இன்னா வேணாம்? ரெண்டு அப்பு அப்புனா சரியாப் போவும். புடிங்கடா அவள!" என்றார் பெரியப்பா.

கவிதா குறுக்கே புகுந்து மண்டி போட்டாள். "பாப்பா, உனக்குப் பயமா இருக்கு. அம்மாவுக்குப் புரியுது."

"பயம் இல்லம்மா. பெரியப்பாவுக்குத்தான மொட்டை வேணும்? அவரு போட்டுக்கட்டும்."

முடி எடுப்பவர் கத்தியைக் கீழே வைத்தார். யாழினி விளக்கினாள். "யாருக்கெல்லாம் வேணுமோ அவங்க மொதல்ல. அப்புறம் நான். ப்ராமிஸ்."

முதலில் பிரபு உட்கார்ந்தார். அவருக்கு அண்ணனிடமும் பயம், மனைவியிடமும் பயம். அடுத்து கவிதா என்னைப் பார்த்தாள். "அண்ணா..." என்றாள். சின்ன வயதிலிருந்து அந்தக் குரலுக்கு நான் தப்பித்ததே இல்லை. வாராவாரம் டை அடித்து, எண்ணெய் தேய்த்து, உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய முடி. நிமிஷத்தில் முடிந்தது.

யாழினியின் விரல் பெரியப்பா பக்கம் திரும்பியது.

"நானா?" சுற்றிலும் பார்த்தார். பசியோடு ஒரு ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சாமி காரியமாப் போச்சு... இல்லன்னா..." என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். பாதியில் யாழினியிடம் திரும்பிக் கேட்டார்: "மீசையுமா?"

"அது உங்க இஷ்டம் பெரியப்பா."

சொன்ன சொல் தவறாமல் என் மடியில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. வலது பக்கம் முழுசாக முடிந்தது. கத்தி இடது பக்கம் வந்தபோது, சாந்தமாக ஒரு வார்த்தை.

"போதும்."

"பாதி இருக்குதும்மா..." என்றார் முடி எடுப்பவர்.

"போதும்னு சொல்லிட்டேன்."

எல்லோரும் கவிதாவைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. "நிறுத்திடுங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! இதற்கா மூன்று பேர் மொட்டை? "கவி, அஞ்சு நிமிஷம்தான், புடிச்சிக்கிறேன்" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"இன்னிக்கு நாம புடிச்சி உக்கார வச்சா, நாளைக்கு எவன் புடிச்சாலும் சும்மா உக்காந்துகினு இருப்பா, அண்ணா."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆச்சு. லீவு வுட்டதும் இட்டாந்து வுட்டுடு" என்றார். பிரபு தரையைப் பார்த்தார்.

பூசாரிக்கும் பசி போலிருக்கிறது. "பாதி முடி வந்துட்சி இல்ல? சாமி கோச்சிக்காது. படையலப் போடுங்க, ஆறிடப் போவுது" என்று கற்பூரத்தைக் கொளுத்திவிட்டார்.

பந்தி. பெரியப்பா இலையில் இரண்டாம் கரண்டி விழுந்ததும் "போதும்பா" என்றார். நம் ஊரில் அதற்கு என்ன மரியாதை? இன்னொரு கரண்டி விழுந்தது. "போதும்னேன்ல?" இன்னொன்று. கையை விரித்து இலையை மறைத்தார், கைமேலேயே விழுந்தது. "போதும்னு எத்தினி வாட்டிய்யா சொல்றது!" என்று கத்தினார். "சும்மா கூச்சப்படாம சாப்டுங்க" என்று பரிமாறும் பையன் சிரித்துக்கொண்டே வாளியில் எலும்பு தேடினான்.

பாதி மண்டையில் சந்தனமும் மீதியில் ரிப்பனுமாக யாழினி வந்தாள். பையனின் லுங்கியை இழுத்தாள். அவன் அவள் கண்ணுக்கு நேராகக் குனிந்தான்.

"அண்ணா, பெரியப்பா போதும்னு சொல்லிட்டாரு. சொன்னா நிறுத்தணும்."

கரண்டி வாளிக்குள் திரும்பிப் போனது. பெரியப்பா பாயில் நகர்ந்து இடம் விட்டார். "இங்க வந்து குந்து."

எதிர்ப் பந்தியில் ஒரு சொந்தக்காரர் சும்மா இருக்காமல் குரல் கொடுத்தார். "இன்னா பிரபு, அரை மொட்டையா இட்டுக்கினு போவப் போறீங்க? தூங்கச்சொல்ல மீதிய எடுத்துடுங்கப்பா."

பிரபு வாய் திறப்பதற்குள் பெரியப்பா நிமிர்ந்தார்.

"அதான் போதும்னு சொல்லிட்டா இல்ல? வுடுய்யா. லீவுக்கும் அவளுக்கு இஷ்டம் இருந்தா வரட்டும்."

தண்ணீர் ஜக்கோடு நின்ற கவிதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

சாயங்காலம் யாழினியே வந்து, "கழுத்துல அரிக்குது மாமா, மீதிய எடுத்துடலாம்" என்று மடியில் ஏறிக்கொண்டாள்.

அடிக்காமல் அதட்டாமல் வளர்த்தால் நடத்தை திருந்துமா? யாழினியைப் பற்றிப் பத்து வருஷம் கழித்துச் சொல்கிறேன்... பெரியப்பாவிடம் நல்ல முன்னேற்றம் தெரிகிறது!