பபேடானில் ஒரு ஜாலிச் சுவர்

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு யாங்கோனில் இறங்கினேன். நகர நடுவில் உள்ள பபேடான் பேட்டை வரை டாக்சிக்கு இருபதாயிரம் கியாட். நான் குடியிருக்கும், கனடாவின் புல்வெளி நகரமான வின்னிபெக்கில் அறுபதுகளில் எழுந்த கட்டடங்களை விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டுவது என் கிறுக்கு. தடித்த சுண்ணாம்புக்கல் சுவர்களோடு குளிருக்கு முதுகைக் காட்டி நிற்பவை அவை.

சித்தி மகள் செல்வி குடியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடமும் அதே காலத்ததுதான். ஆனால் மாடிப்படி நெடுகச் சுவருக்குப் பதிலாகத் துளைத்துளையாய்ச் சிமெண்ட் ஜாலி. ஏறும்போதே ஆற்றுக்காற்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. வாயைப் பிளந்து நின்ற என்னிடம் செல்வி சொன்னாள்:

“நல்லா பாத்துக்குங்கக்கா. இத ஒடச்சிட்டுக் கண்ணாடி போடணும்னு காண்ட்ராக்டர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. கீழ பிளாஸ்டிக் கடை ஊ ராஜுவும் அவரு பக்கம். ஞாயித்துக்கிழமை குடியிருக்கிறவங்க ஓட்டு.”

பர்மியப் பேச்சில் ‘ஊ’ என்றால் ஐயா.

ஞாயிறு பகல் ஒன்றரை. கூட்டம் எதிர்வரிசையில், காண்ட்ராக்டர் புதிதாகத் திறந்த கண்ணாடி அலுவலகத்தில். போகும் வழியில் செல்வி கிசுகிசுத்தாள்: “நேரத்த நாந்தான் சொன்னேன். ரெண்டு மணிக்கு நம்ம தெருவுக்குக் கரண்டு போற முறை. காண்ட்ராக்டர் வீடு தள்ளி, ஷ்வேப்யிதாவுல. அங்க முறை வேற, இது அவருக்குத் தெரியாது. ஆபீசுக்கு ஜெனரேட்டரும் இன்னும் வரல.”

ஏசி ஜில்லென்று ஓடியது. பால்தேநீர் வந்தது. காண்ட்ராக்டர் படம் காட்டக் காட்ட ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். இரண்டு மணி ஆயிற்று, ஏசி நிற்கவில்லை. இரண்டே கால், அப்போதும் இல்லை. கரண்ட் போகட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடவுளை வேண்டினேன். ஓட்டெடுக்கக் காண்ட்ராக்டர் எழுந்தார்.

பட்டென்று எல்லாம் அணைந்தது.

கண்ணாடியில் திறக்க ஒரு ஜன்னல்கூட இல்லை. பத்தே நிமிடத்தில் சட்டைகள் முதுகோடு ஒட்டிக்கொண்டன. முதலில் எழுந்தவர் ஊ ராஜு.

“இங்க மனுசன் உக்கார முடியாது. வாங்க, நம்ம படிக்கே போவோம்!”

எல்லோரும் எங்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜாலி வழியாக வெளிச்சமும் காற்றும் தாராளமாக வந்தன. கடைசியாக வந்த காண்ட்ராக்டர் நேரே ஜாலியிடம் போய், சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காற்று வாங்கினார். படி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பாவம், அவரும் சிரித்துவிட்டார்.

“ஜாலி இருக்கட்டும்கிறவங்க கை தூக்குங்க!” என்றாள் செல்வி.

முதல் கை ஊ ராஜுவுடையது. பின்னால் அத்தனை கைகளும். ஓட்டுரிமை இல்லாத நானும் இரண்டு கைகளையும் தூக்கினேன். அப்படியொரு சந்தோஷம்!

திங்கள் மாலை விமானம். வின்னிபெக்கிலும் பழைய கட்டடங்களை இடிக்கக் கூட்டம் போடுகிறார்கள், எங்கோ சூடேற்றிய மண்டபத்தில். இனி ஜனவரியில், அந்தந்தக் கட்டடத்தின் வாசலிலேயே கூட்டம் வைப்போம். முதல் பத்து நிமிடம் வெளியே பனியில் பேச்சு. ஓட்டு அந்தத் தடித்த சுவர்களுக்கு உள்ளே.