முப்பது நாள் வராதவன் வீடு

கடையில் என்னைத் தவிர ஆள் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்மணி, முன்னால் நான், நடுவில் ரொட்டிகள். எள் தூவிய ஒன்றைக் கைகாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கதவோரம் இருந்த சிவப்புப் பெட்டியைக் கைகாட்டினார். பெட்டி அழகாக இருப்பதாகச் சொல்கிறார் என்று நினைத்து நானும் தலையாட்டி வைத்தேன். நான் மறுபடியும் ரொட்டியைக் காட்ட, அவர் மறுபடியும் பெட்டியைக் காட்டினார். கடைசியில் அவரே வெளியே வந்து, அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய் ஒரு பொத்தானை அழுத்தினார். சுவரில் நாற்பத்தேழு என்று விழுந்தது. என் சீட்டிலும் நாற்பத்தேழு. அப்போதுதான் முதன்முதலாக என்னைப் பார்ப்பவர்போல "வார்ஷொகூட்" என்றார். சொல்லுங்கள், உங்கள் முறை என்று அர்த்தம். ஸ்வீடனுக்கு வந்து அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அந்தச் சீட்டுக்கு இங்கே நும்மர்லாப் என்று பெயர். விருத்தாசலத்தில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "ஆளே இல்லாத கடையில எதுக்குடா டோக்கனு? நீ பேசாம ஒரு துண்ட போட்டு எடம் புடிக்க வேண்டியதுதான!" அவன் துண்டு போடுவதில் மன்னன். சேத்தியாத்தோப்பு போகும் பஸ் எங்கள் ஊர் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசி எனக்கும் அம்மாவுக்கும் சீட் பிடித்துவிடுவான். கைக்குழந்தையோடு வந்தவள் நின்றுகொண்டு வருவாள், நாங்கள் உட்கார்ந்து வருவோம். சின்ன வயதிலேயே எனக்கு அது கூசும். அதனால்தானோ என்னவோ, இந்தச் சீட்டு நாடு எனக்குச் சீக்கிரம் பிடித்துப்போனது. யார் முகத்தையும் பார்க்காத எண் எனக்கு நியாயமாகப் பட்டது.

ஊரில் பீங்கான் தொழில்நுட்பம் டிப்ளமோ படித்தவன் நான். கோதன்பர்க்கில், உலைக்குள் பதிக்கும் கற்களைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த இடத்தில் வீடு கிடைக்கவில்லை. இங்கே வாடகை வீட்டுக்கும் வரிசைதான். பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை ஆந்த்ரஹாண்ட். அதாவது இன்னொருவர் பெயரில் இருக்கும் வீட்டில், அவர் திரும்பி வரும்வரை ஒண்டியிருப்பது. மூன்று வருடத்தில் நான்கு வீடு மாறினேன். எந்தக் கதவிலும் என் பெயர் இருந்ததில்லை.

அண்ணன் பெயர் கொளஞ்சி. பீங்கான் எஸ்டேட்டில் ஒரு யூனிட்டில் ஃபியூஸ் கட்டைகளைச் சூளையில் அடுக்கும் வேலை. அப்பா போனபின் படிப்பை விட்டுவிட்டு என்னைப் படிக்க வைத்தவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நான் கிளம்பி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஜங்ஷன் போகும் வழியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார ஆரம்பித்தான். வெறும் பேச்சு பேசி எவ்வளவு நேரம் ஓட்டுவது? இருவருக்கும் பேச்சு வராது. அதனால் இணையத்தில் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டோம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உலவும் ஒரு கற்பனை நாடு. காடு, ஆறு, சந்தை எல்லாம் உண்டு. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், மனை கிடைத்தால் வீடு கட்டிக் குடியிருக்கலாம்.

மனைதான் கிடைக்காது. அந்த நாட்டில் வீடு கட்டத் தகுந்த இடம் கொஞ்சம். முதல் வருடம் வந்தவர்கள் மொத்தத்தையும் வளைத்துவிட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் விளையாட்டையே மறந்து போயிருந்தார்கள். பூட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும். எங்களைப் போலப் பின்னால் வந்தவர்கள் சத்திரத்தில் தூங்க வேண்டும். எப்போதாவது நிறுவனம் நான்கைந்து புது மனைகளைத் திறந்து குலுக்கல் போடும். ஒரு ஞாயிறு அண்ணன் பெயர் விழுந்துவிட்டது! பத்து நிமிடத்துக்குள் போய் வீட்டை ஊன்ற வேண்டும். ஓடினோம். மனையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அண்ணன் தட்டச்சினான்: "டேய், இது தெக்கு பாத்த மன."

"இருந்தா என்னண்ணே? இது கம்ப்யூட்டர்ல இருக்குது!"

"வூடுன்னா வூடுதான்டா. தெக்கு பாத்து நான் வாசக்காலு வெக்க மாட்டன்."

நான் கெஞ்சினேன், திட்டினேன். பத்து நிமிடம் போனது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு ஜெர்மன்காரனுக்கு அந்த மனை போய்விட்டது. ஒரு வாரம் நான் அண்ணனோடு பேசவில்லை.

அதன்பிறகு ஆளுக்கொரு மனு போட்டோம். நான் விளையாட்டின் விவாதப் பக்கத்தில், முந்திக்கொண்டவர்கள் காலத்துக்கும் பிடித்து வைத்திருப்பது அநீதி என்று இரண்டு பக்கம் எழுதினேன். சொந்தக்காரர் முப்பது நாளுக்கு ஒருமுறையாவது வந்து தன் கதவைத் திறக்க வேண்டும், வராவிட்டால் வீடு விழுந்து மனை அடுத்தவருக்குப் போக வேண்டும், யாருக்கும் விதிவிலக்குக் கூடாது என்று கேட்டேன். நூற்றுக்கணக்கானவர்கள் ஆதரித்தார்கள். அண்ணன் மணவாளநல்லூருக்கு நடந்துபோய்க் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினான். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். குறையை விலாவாரியாகத் தாளில் எழுதி, பெயர் விலாசத்தோடு சாமியிடம் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். குறை தீர்ந்ததும் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். "விளையாட்டுக்குப் போயா சாமிகிட்ட மனு போடுவ?" என்று கேட்டேன். "வூட்டுக்குதான்டா போட்டன்" என்றான்.

என் மனு பலித்தது. முப்பது நாள் விதி வந்தது. அடுத்த மாதமே ஆற்றோரத்தில், கிழக்குப் பார்த்த ஒரு வீடு விழுந்தது. சுற்றி நின்றவர்களுக்குக் குலுக்கல். அண்ணனுக்கே சீட்டு விழுந்தது. இப்படி விழுந்த வீட்டு மனையில் ஊன்றுவதற்குப் பத்து நாள் தவணை உண்டு. ஆனால் வீடு விழும்போது உள்ளே இருந்த பண்டங்களெல்லாம் புல்லில் சிதறின. நின்றவர்கள் பொறுக்கினார்கள். நானும் ஒரு விளக்கை எடுத்தேன். அண்ணன் கையை நீட்டவில்லை.

"வூட்டுக்காரன் ஏன் வரலன்னு யாரும் கேக்க மாட்டாங்களாடா?"

"அதெல்லாம் கேட்டா ஆளுக்கொரு கத சொல்லுவாங்கண்ணே. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

 அங்கே கரண்ட் போயிருந்தது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். அவனுடைய உருவம் மட்டும் காலி மனையில் அசையாமல் நின்றது.

அடுத்த வாரம் வீட்டை ஊன்றினோம். அண்ணன் முதலில் போட்டது இரண்டு கட்டில். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. விருத்தாசலத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை, தகரக் கூரை. அம்மா சுவரோரம், நாங்கள் இருவரும் ஒரே பாயில். இங்கே எனக்கென்று அவன் போட்ட கட்டிலில் படுத்துவிட்டுத்தான் அன்று விளையாட்டை மூடினேன். வார நாட்களில் நேரம் ஒத்துவராது. அண்ணன் ஷிப்டு முடிந்து சென்டருக்கு வந்து, அந்த விளையாட்டு வீட்டு மேசைமேல் இருக்கும் ஏட்டில், ஆங்கில எழுத்தில் தமிழாக எனக்கு ஏதாவது எழுதி வைத்துப் போவான். "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லா ஆச்சு. நீ பயப்படுவன்னு முன்னாடி சொல்லல." "வெலிங்டன் ஏரி ரொம்பிடுச்சி." "சாப்புட்டியா?" வீடு கிடைத்துவிட்டதே, பிராதை எடுத்துவிட்டாயா என்று கேட்டால், "அதுக்கு இன்னும் நேரம் வரலடா" என்பான். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடைசி நான்கு மாதம் நான் அந்த வீட்டுக்குச் சரியாகப் போகவில்லை. புது நண்பர்கள், ஞாயிறுகளில் காடு சுற்றல். அண்ணன் தவறாமல் வந்திருக்கிறான். அவனுக்கு மஞ்சள் காமாலை என்று அம்மா போனில் சொன்னபோதும், கீழாநெல்லி கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒன்பதே நாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் ஐஸ் பெட்டிக்குள் இருந்தான். முப்பத்தாறு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்த வீடு அண்ணன் பெயரில் இருந்தது. நான் உள்ளே போகலாம், உட்காரலாம், படிக்கலாம். ஆனால் விதிப்படி நான் வந்தது கணக்கில் சேராது. அவன் பெயரில் ஒருமுறை கதவைத் திறந்தால் போதும். சென்டர்க்காரர் அவன் வழக்கமாக உட்காரும் மூன்றாவது சிஸ்டத்தைக் காட்டினார்.

"பாஸ்வேர்டு தெரியாதுங்க. அண்ணன் அடிக்கும்போது நாங்க திரும்பிக்குவோம்."

முதலில் என் பெயரை அடித்துப் பார்த்தேன். இல்லை. அம்மா பெயர், அப்பா பெயர், கொளஞ்சியப்பர், யூனிட்டின் பெயர். ஐந்தோடு கணக்கு பூட்டிக்கொண்டது. அவன் கடைசியாக வந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

கிளம்பும் முன் பிராதையாவது வாபஸ் வாங்கிவிடலாம், வீடுதான் கிடைத்ததே என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எந்த வூட்ட சொல்ற? அவன் எழுதறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். படிச்சிக் காட்டுனான். எந்தம்பி அந்நிய தேசத்துல வூட்டுக்கு வூடு மாறிக்கிட்டுக் கெடக்கறான், அவனுக்கு நெலையா ஒரு வூடு குடுன்னு எழுதுனான்." நான் எழுந்து வெளியே போய் நின்றேன். அவன் தனக்கென்று எதையும் கேட்டிருக்கவில்லை.

விமானத்துக்குக் காத்திருந்தபோது நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அண்ணன் பிராது எழுதுவதுபோல விலாவாரியாக எழுதினேன். பெயர், ஊர், வேலை, காமாலை, அம்மா, இரண்டு கட்டில், ஏட்டில் இருக்கும் அவன் எழுத்து. பொருளைக் கேட்கவில்லை, மனையைக் கேட்கவில்லை, அந்த வீடு மட்டும் நிற்கட்டும் என்று கேட்டேன். கோதன்பர்க்கில் இறங்கியபோது பதில் வந்திருந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள். ஒருவருக்கு விலக்கு அளித்தால் காத்திருக்கும் மற்றவர்களுக்கு அநீதியாகும். விதியின் காரணங்களை அறிய இந்த விவாதத்தைப் படிக்கவும். அழுத்திப் பார்த்தேன். நான் எழுதிய இரண்டு பக்கம் திறந்தது. அவர்கள்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

மிச்சமிருந்த நாளில் ஏட்டை முழுக்க நோட்டில் எழுதி எடுத்தேன். நான் போகாத நான்கு மாதமும் அதில் இருந்தது. கடைசிக் குறிப்பு இரண்டே வரி: "ஒடம்பு அசதியா இருக்குது. நீ வந்தா எழுப்பு."

முப்பத்தோராம் நாள் வீட்டைச் சுற்றிப் பதினொரு பேர் நின்றார்கள். வாசலில் நானும் நின்றதால் எனக்கும் ஒரு சீட்டு வந்தது. எண் ஒன்பது. சீட்டு எனக்கே விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், மறைக்க என்ன இருக்கிறது? வீடு விழுந்தது. கட்டில்கள் புல்லில் கிடந்தன. ஒருவன் ஏட்டை எடுத்தான், புரட்டினான், புரியாமல் கீழே போட்டுவிட்டுப் போனான். சீட்டு நான்காம் எண்ணுக்கு விழுந்தது. சிலி நாட்டில் பள்ளி ஆசிரியையாம். இரண்டு வருடம் சத்திரத்தில் தூங்கியவராம். துள்ளித் துள்ளிக் குதித்தார். பிறகு என்னிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டார்:

"நீங்களும் இந்த இடத்துக்குத்தான் காத்திருந்தீர்களா?"

"ஆமாம்."

"வருத்தப்படாதீர்கள். சீக்கிரமே வேறு யாராவது வராமல் போவார்கள்."

நன்றி என்று எழுதினேன். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அண்ணனுக்குச் சீட்டு விழுந்த அன்று நானும் இப்படித்தான் குதித்தேன்.

அந்தக் குளிர்காலத்திலேயே கோதன்பர்க்கில் வாடகை வீட்டு வரிசையில் என் முறை வந்தது. இரண்டு அறை, சமையலறை, கிழக்கில் ஒரு ஜன்னல். சாவி கொடுத்த பெண்ணிடம், முன்னால் இங்கே இருந்தவர் என்ன ஆனார் என்று கேட்டேன். அவர் முகம் சற்று மாறியது. "பயப்பட வேண்டாம், எல்லாம் சுத்தம் செய்து வெள்ளையடித்தாகிவிட்டது" என்றார். நான் கேட்டது அது இல்லை என்று சொல்லும் அளவுக்கு என் ஸ்வீடிஷ் போதாது. போதுமாக இருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. கதவில் என் பெயரைப் பதித்துக் கொடுத்தார்கள். அம்மாவுக்குச் சொன்னேன். மறு ஞாயிறு அவள் தனியாக பஸ் ஏறி மணவாளநல்லூர் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட்டு வந்தாள். "ஒங்கண்ணன் மனு நெறவேறிடுச்சிடா" என்று போனில் சொல்லிவிட்டு, அழ ஆரம்பித்தாள்.

விளையாட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசியாக எந்தக் கட்டிலில் தூங்கினோமோ, அடுத்த முறை உள்ளே வரும்போது அந்த இடத்தில்தான் நம்மை எழுப்பும். என்னை இன்னும் அந்த ஆற்றோர மனைக்கே கொண்டுபோகிறது. ஒரு கணம் ஆசிரியையின் வீட்டு நடுவில் நிற்பேன். உடனே, இங்கே தங்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று வேலிக்கு வெளியே தள்ளிவிட்டு, தூங்குமிடத்தை மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கும். 'பிறகு' என்பதை அழுத்துவேன். என் பெயர் எழுதிய கதவுக்குள் உட்கார்ந்துகொண்டு அந்த வேலியோரம் கொஞ்ச நேரம் நிற்பேன். சில ஞாயிறுகளில் ஆசிரியை வெளியே வந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்கிறார். அன்று பார்த்த முகம் அவருக்கு மறந்துவிட்டது. யாரையும் இல்லை, வழி தவறி வந்துவிட்டேன் என்று எழுதிவிட்டு நகர்கிறேன். அடுத்த ஞாயிறும் அங்கேதான் எழுந்திருக்கிறேன்.