துடக்குக் கழியும்வரை மூடிக் கிடந்த பெட்டி

பிறந்த பிள்ளையைப் படுக்க வைக்கலாம் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னதால், பிரசவத்துக்கு முன்பே விலை கூடிய தள்ளுவண்டி ஒன்றை வாங்கினோம். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்குக் கழியும்வரை புதுச் சாமானைப் பிரிக்கக்கூடாது என்றார் மாமி. நானும் பெட்டியைப் பிரிக்காமல் மூலையில் வைத்துவிட்டேன்.

துடக்குக் கழிந்த அன்று பிரித்தபோது வண்டியின் முதுகுப்பக்கம் சாயவே இல்லை. மகளை வைத்ததும் தலை நெஞ்சில் கவிழ்ந்து, மூச்சுத் திணறினாள். பதறித் தூக்கினேன்.

நேரே கடைக்குப் போனோம். “படுக்க வைக்கலாம் எண்டுதானே அண்ணை சொன்னனீங்கள்?”

“ஒரு கிழமைக்குள்ளை கொண்டு வந்திருக்க வேணும், தங்கச்சி. இனி மாத்தேலாது. பிள்ளை நிமிர்ந்து இருக்கப் பழகினாப் பிறகு பாவியுங்கோ.”

பொய் சொன்னது அவர். பிந்தி வந்த குற்றம் மட்டும் எங்களுக்கு.

இப்போது எதை வாங்கினாலும் கடை மேசையிலேயே பிரித்துப் பார்க்கிறேன். கடைக்காரர் முகம் சுழித்தால் சுழிக்கட்டும். நாளும் நட்சத்திரமும் அதற்குப் பிறகுதான்.