முதல் மருந்தும் மூன்றாம் மருந்தும்

மருத்துவமனையில் அவரைப் புள்ளி சார் என்பார்கள். மருந்து ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரக் கணக்குப் பார்ப்பது வேலை. மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை, மகள் வெளியூரில். மனிதக் குரல் கேட்பது மதியச் சாப்பாட்டு மேசையில்தான். சர்ஜனும் இரண்டு டாக்டர்களும் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுவைப்பார்கள். வாயைப் பிடுங்குவார்கள், கிண்டலடிப்பார்கள். அந்த அரைமணி நேரத்தில்தான் அவர் சிரிப்பார்.

அறுவைக்குப் பிந்தைய வலிக்குத் தரும் மூன்று மருந்துகள் சமமானவையா என்பது சர்ஜனின் ஆய்வு. வலியை நூறு மதிப்பெண்ணில் அளந்தார்கள். பத்துக்குள் அடங்கும் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று, முதல் ஊசி போடும் முன்பே வரம்பு வைத்தாயிற்று. புள்ளி சார் முதல் மருந்தை இரண்டாவதோடு ஒப்பிட்டார். தற்செயலுக்கு இடம் விட்டும் வித்தியாசம் வரம்புக்குள் நின்றது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. மூன்றும் ஒன்றுதான் என்று மேசையில் சொல்லிவிட்டார். சர்ஜன் எல்லோருக்கும் காபி வாங்கித் தந்தார்.

மறுநாள் பல் தேய்க்கும்போது உறைத்தது. மூத்தவன் நடுவிலவனைவிடக் கொஞ்சம் உயரம், நடுவிலவன் கடைக்குட்டியைவிடக் கொஞ்சம் உயரம். அதற்காக மூத்தவனும் கடைக்குட்டியும் ஒரே உயரமா? முதல் மருந்தையும் மூன்றாவதையும் அவர் நேருக்கு நேர் நிறுத்தவே இல்லை. வேலைக்குப் போனதும் நிறுத்தினார். வித்தியாசம் வரம்பைத் தாண்டிவிட்டது.

"நேத்து மூணும் ஒண்ணுன்னது நீங்கதானே சார்?" என்றார் சர்ஜன்.

"நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

"அப்போ வரம்பைப் பதினஞ்சா ஆக்கிடுங்க. மாநாட்டுக்குத் தலைப்பு கொடுத்தாச்சு. தலைக்கு மேல வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?"

"வலிக்கிறவனுக்குச் சாண் வேற, முழம் வேற சார். முடிவைப் பாத்துட்டு நகத்துனா அதுக்குப் பேர் வரம்பா?"

"கூட உக்காந்து சாப்பிட்டதுக்கு நல்லாச் செஞ்சீங்க."

முதல் மருந்தும் மூன்றாவதும் சமம் என்று நிறுவப்படவில்லை, இன்னும் நோயாளிகள் தேவை என்று புள்ளி சார் அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டார்.

மதியம் மேசையில் மூன்று நாற்காலிகளே இருந்தன. அவருடையதைக் காணோம். டப்பாவோடு திரும்பிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் கேட்டாள். "ஆபீஸ்ல என்னப்பா விசேஷம்?"

"ஒண்ணுமில்லம்மா. எல்லாம் பழையபடிதான்."

பிறகு அங்கே மழையா, கதவு இன்னும் கிறீச்சிடுகிறதா, பக்கத்து வீட்டு நாய் எப்படியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவளைப் போனை வைக்கவிடாமல் பேசிக்கொண்டே இருந்தார். அன்று அப்படிப் பேசியதன் காரணம் அவளுக்குத் தெரிந்தது அவர் இறந்த பிறகுதான், சர்ஜனே வந்து சொல்லி.