கணக்கில் வராத இருபதாயிரம் பேர்

தியேட்டரில் அவரை எல்லோரும் ‘பாதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருடமாக முன்வரிசை வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைத் திருப்பிக் கொடுக்கிற மனிதருக்கு வேறென்ன பேர் வைப்பது? சொந்த மாமியாரே அந்தப் பேரைச் சொல்லித்தான் நலம் விசாரிப்பார். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஒரு பழக்கம் உண்டு. நூறு பேர் உள்ளே போனால் கதவின் உட்புறம் பென்சிலால் ஒரு கோடு. படம் மாறினால் கோடுகளுக்குக் கீழே படத்தின் பேர். யாரும் கேட்டதில்லை, சும்மா இருக்கத் தெரியாத கை.

போன மாதம் ஒரு புதுப்படம் ஓடி முடிந்தது. அப்பா போனபின் பொறுப்புக்கு வந்த சின்ன முதலாளிக்குக் கால் தரையில் படவில்லை.

“இவ்வளவு வசூல் இங்க எந்தப் படத்துக்கும் இல்லண்ணே. அதுல முன்வரிசை குடுத்தது ஒண்ணுமே இல்ல. அந்த இருநூறு சீட்டையும் பிடுங்கிட்டு நாப்பது சாய்வு நாற்காலி போடப்போறேன்.”

சித்தாள்கள், சுமை தூக்குகிறவர்கள், பாதியின் தங்கை குடும்பம், எல்லோரும் படம் பார்ப்பது அந்த நாற்காலிகளில்தான். அதை விட்டால் அவர்களுக்குக் கட்டுப்படியாகிற இடம் வேறு இல்லை.

“டிக்கெட் விலை பத்து மடங்கு ஏறியிருக்கு தம்பி, வசூல் ஏறாம என்ன செய்யும்? தலையை எண்ணுங்க. இருபது வருஷம் முன்னாடி ஓடின அந்தக் குடும்பப் படத்துக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி. அது முன்வரிசைக் கூட்டம்.”

சின்னவர் நியாயம் பார்க்கிற ஆள். “சரி, எண்ணுவோம். அது ஜெயிச்சா முன்வரிசையைத் தொடமாட்டேன்” என்று சொல்லி, டிக்கெட் கவுண்டரில் உட்காருகிற அம்மாவிடம் விற்பனைப் பதிவேட்டை வாங்கினார். புதுப்படத்துக்குத் தொண்ணூற்றிரண்டாயிரம் டிக்கெட். பழைய படத்துக்கு எண்பத்தெட்டாயிரம்.

கவுண்டர் அம்மா தலையைத் தூக்கவில்லை. விஷயம் அவருக்கும் பாதிக்கும் மட்டும் தெரியும். வரியை மிச்சம் பிடிக்கப் பெரிய முதலாளி சொன்ன ஏற்பாடு அது. முன்வரிசை வாசலில் நிற்கிற பாதி, வருகிற டிக்கெட்டைக் கிழிக்காமல் முழுசாக வாங்கி வைப்பார். அதுவே திரும்பக் கவுண்டருக்குப் போய் இன்னொருவருக்கு விற்கப்படும்; பதிவேட்டில் ஒரே டிக்கெட்டாகத்தான் இருக்கும். இப்போது உள்ளதைச் சொன்னால் செத்தவர் பேர் கெடும், அந்த அம்மாவின் வேலையும் போகும்.

“பதிவேடு தப்பு தம்பி. என் கதவைப் பாருங்க.”

சின்னவர் செல்போன் வெளிச்சத்தில் அரைமணி நேரம் எண்ணினார். அந்தப் பழைய படத்துக்கு முன்வரிசையில் மட்டும் அறுநூறு கோடு, அதாவது அறுபதாயிரம் பேர். பதிவேட்டிலோ முன்வரிசை டிக்கெட் நாற்பதாயிரம்தான்.

“மிச்சம் இருபதாயிரம் பேர் எப்படிண்ணே உள்ள போனாங்க?”

“கிழிக்காம வச்சு, வெளியில நானே திரும்ப வித்தேன்.”

கவுண்டர் அம்மா வாயைத் திறந்தார். பாதி அவரை ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

இருபதாயிரத்தைச் சேர்த்தால் பழைய படம்தான் முந்தியது; சின்னவர் சொன்ன சொல் தவறவில்லை. முன்வரிசை இருக்கிறது. பாதியை மட்டும் அன்று மதியமே கணக்கு முடித்து அனுப்பினார். சம்பளக் கவரைத் தானே கொண்டுவந்து நீட்டினார்.

“அப்பா உங்களை எவ்வளவு நம்பினாரு!”

“ஆமா தம்பி,” என்றார் பாதி. “ரொம்ப நம்பினாரு.”