வராத மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றினோம்

பெற்றோலுக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று வரிசையில் கிடந்த காலத்தில்தான் நாங்கள் நான்கு பேரும் பழகினோம். எனக்கு முன்னால் நின்றவர் காத்தான்குடியில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்ற பொருளில் அங்கு எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் காக்கா என்றே கூப்பிட்டேன். எனக்குப் பின்னால் வெல்லாவெளியிலிருந்து வந்த ஒரு விவசாயி. அவருக்கும் பின்னால், ஸ்கூட்டரில் உட்கார்ந்து கைப்பேசியில் மோட்டார் சைக்கிள் காணொளி பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆஸ்பத்திரித் தாதி. தன்னாமுனைப் பெண், ஆறடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு. டாங்கியில் ஒரு சொட்டும் இல்லாத நாங்கள் நான்கு பேரும், முப்பது லீற்றர் டாங்கி உள்ள ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றி அந்த வரிசையில் ஒன்றரை நாள் பேசினோம்.

பெற்றோல் தட்டுப்பாடு தீர்ந்தது. பேச்சு தீரவில்லை. சனிக்கிழமைகளில் மாலை அசர் தொழுகை முடிந்து காக்கா கடைக்கு வந்ததும் நாங்களும் போய்விடுவோம். நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் படவரைஞர். என்னிடம் இருப்பது பதினாறு வருடம் ஓடிய நூறு சிசி வண்டி. மற்ற மூவருடையதும் அதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. எங்களில் பெரிய வண்டி ஒன்றை நேரில் கண்டவர் காக்கா மட்டும்தான். கட்டாரில் வேலை செய்தபோது, சிவப்பு விளக்கு எரிந்து அணையும் நேரம் முழுக்க ஒன்று அவருக்குப் பக்கத்தில் நின்றதாம். அந்த அனுபவத்தை வைத்து அவர் எங்கள் எல்லா வாக்குவாதத்தையும் தீர்த்து வைப்பார்.

போன வருடம் ஒரு படம் வெளிவந்தது. ஒரு கொம்பனி அடுத்ததாகக் கொண்டுவரப்போகும் பெரிய சுற்றுப்பயண வண்டி. பாலைவனம், மலை, சேறு எல்லாம் ஓடும் என்றார்கள். படத்தில் தெரிந்தது சாம்பல் நிறத் தறப்பாளால் மூடிய ஏதோ ஒன்று. அந்தத் தறப்பாளின் மடிப்புகளை நாங்கள் ஆறு வாரம் ஆராய்ந்தோம். பின்சக்கரத்தைச் சுழற்றுவது சங்கிலியா, இரும்புத் தண்டா என்ற கேள்வியில் காக்காவும் விவசாயியும் இரண்டு சனிக்கிழமை பேசாமல் இருந்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை விவசாயி தானாகவே வாய் திறந்தார்.

“சங்கிலியோ தண்டோ, எனக்கு ஒண்டுதான் தெரியணும். அது பாதையில ஏறுமா?”

பாதை என்று அவர் சொன்னது வாவியைக் கடக்கும் மிதவையை. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு போய்வரும். விவசாயி எங்கள் பக்கம் வருவதென்றால் அதில்தான் வருவார். காலையில் அதில் மோட்டார் சைக்கிள்களைக் கைபிடியோடு கைபிடி உரச அடுக்குவார்கள்.

“இருநூத்தி அறுபத்தஞ்சு கிலோவாம்” என்றாள் தாதி. “ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. அகலம் ஒரு மீற்றருக்குக் கிட்ட வரும். இருக்கை உயரம் எண்பத்தொன்பது சென்றிமீற்றர்.”

“அப்ப ஏறாது” என்றேன் நான்.

“ஏறும்” என்றார் காக்கா. “நான் கண்ட வண்டி பெருசுதான், ஆனா அடக்கமா இருந்திச்சு.”

“பாதையில ஏறாட்டி எனக்கு வாணாம்” என்று விவசாயி முடிவாகச் சொன்னார், யாரோ அவருக்கு அதை இனாமாகக் கொடுக்க வாசலில் நிற்பதுபோல.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று யார் முதலில் சொன்னது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. நான் இல்லை என்று நான் சொல்கிறேன். ஆனால் அளவுப்படம் கீறியது நான்தான். வதந்திகளில் வந்த எண்களை எல்லாம் சேர்த்து, பத்துக்கு ஒன்று என்ற அளவில், முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் மூன்றும் கீறினேன். அலுவலகத்தில் ஒரு வாய்க்காலுக்குக்கூட நான் அவ்வளவு கவனமாகக் கீறியதில்லை.

வண்டி விவசாயியின் வீட்டு வளவில் உருவானது. அவருடைய பழைய நூற்றிருபத்தைந்து சிசிதான் அடிப்படை. பாரத்துக்கு இரண்டு மூட்டை நெல்லை இரண்டு பக்கமும் கட்டினோம். அதற்கு வெளியே காக்கா கொண்டுவந்த ஒட்டுப்பலகைப் பெட்டிகள், வெள்ளி நிறம் பூசியவை. இருக்கை உயரத்துக்குத் தும்பு மெத்தையை மடித்து வைத்தோம். முன்னால் பறவை மூக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பேசினை வெட்டிக் கட்டினோம். விவசாயியின் மனைவி வெளியே வந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பேசின் யார்ர?”

“நம்மடதான்” என்றார் விவசாயி.

“அது எனக்குத் தெரியும். ஏன் வெட்டின?”

“அளவு பார்க்க.”

அவர் மனைவி என்னைப் பார்த்தார். அரச உத்தியோகம் பார்க்கிறவன் என்று என்மேல் கொஞ்சம் மரியாதை வைத்திருந்தவர். அன்றைக்குப் பிறகு அந்த மரியாதையை நான் காணவில்லை.

மெத்தையின் மேல் ஏறி இருந்தபோது என் கால்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. விவசாயிக்கும் அப்படித்தான். காக்கா ஏற மறுத்தார். தாதி காலைத் தூக்கிப் போட்டு இருந்தாள், இரண்டு பாதமும் நிலத்தில் பதிந்தன. ஆகவே அவளே ஓட்டுநர்.

மனைவியின் உறவுக்காரர் கண்டால் மானம் போகும் என்று விவசாயி ஒரு தறப்பாளால் வண்டியை மூடினார். கைபிடியும் தலைக்கவசம் போட்ட அவள் தலையும் கால்களும் மட்டும் வெளியே தெரிய, முதலாம் கியரில், நாங்கள் மூவரும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஓட, துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். சாம்பல் நிறத் தறப்பாள் என்பதை அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

பாதைக்காரர் கையை நீட்டி மறித்தார்.

“இது என்ன சாமான்?”

“மோட்டச்சைக்கிள்” என்றார் விவசாயி.

“என்ன மோட்டச்சைக்கிள்?”

“அது இன்னும் வரல்ல.”

பாதைக்காரர் தறப்பாளைச் சற்றுத் தூக்கி, நெல்மூட்டையைக் கண்டு, மறுபடி விட்டார். “நெல்லெண்டு சொல்லுங்களன். ஏன் இவ்வளவு கதை?”

“நெல்லில்ல, பாரம்” என்றேன் நான்.

“நெல்லுதானே இரிக்கி?”

“நெல்லுத்தான். ஆனா அது நெல்லாக வரல்ல.”

பின்னால் மீன் பேசினோடு நின்ற ஒரு பெண், “அய்யோ, ஏத்துங்க, வெயில் ஏறுது” என்றாள். ஏற்றினோம். மூன்று மோட்டார் சைக்கிளின் இடம் போனது. ஆனால் ஏறியது! பெட்டிக்கும் பக்கத்து வண்டியின் கைபிடிக்கும் நடுவில் நான்கு விரல் இடம் மிஞ்சியது. விவசாயி அந்த இடைவெளிக்குள் திரும்பத் திரும்பக் கையை விட்டுப் பார்த்தார். வாவி நடுவில் காற்று வாங்கிக்கொண்டு, “அப்ப வாங்கலாம்” என்றார். விலை என்ன, இந்த நாட்டுக்குள் அதை விடுவார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அந்த நேரம் வாங்கலாம்போலத்தான் இருந்தது.

குருமண்வெளியில் இறக்கும்போதுதான் வினை வந்தது. சரிவில் முன்சக்கரம் வழுக்கியது. தாதி லாவகமாகக் குதித்து விலகினாள். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து பாதி தண்ணீரில் கிடந்தது. நாங்கள் நால்வரும், பாதைக்காரரும், மீன்காரியும் சேர்ந்து தூக்கினோம். இருநூற்று அறுபத்தைந்து கிலோ என்றால் என்னவென்று அன்றுதான் என் முதுகுக்குத் தெரிந்தது. தாதி மறுபடி ஏறி, ஈரத் தறப்பாள் வண்டியில் ஒட்டிக்கொண்டிருக்க, அதைக் கரைக்கு ஏற்றினாள். மேலே நின்ற ஒரு வெளிநாட்டுப் பயணி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே, கைப்பேசியால் படம் எடுத்தான். “என்ன இது?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காக்கா ஒரே ஒரு சொல்தான் சொன்னார்.

“டெஸ்டிங்.”

பத்து நாள் கழித்து, நான் அலுவலகத்தில் இருக்கும்போது காக்கா அழைத்தார்.

“தம்பி, குழுவத் திறந்து பாருங்க. நம்மட மோட்டச்சைக்கிள் வந்திட்டு!”

உலகம் பூராவும் உள்ள ஆர்வலர்கள் கூடும் அந்த இணையக் குழுவில் நானும் உறுப்பினன். முதல் படமே அதுதான். சாம்பல் தறப்பாள், வெள்ளிப் பெட்டியின் மூலை, பேசினின் விளிம்பு, தாதியின் நீண்ட கால்கள். இலங்கையில் கொம்பனியின் இரகசியப் பரிசோதனை என்று தலைப்பு. கீழே கருத்துகள் நூற்றுக்கணக்கில். பேசின் விளிம்பு ராடார் என்று ஒருவர். நெல்மூட்டையின் புடைப்பு, அளவுக்கருவிகள் வைத்த பை என்று இன்னொருவர். ஓட்டுநரின் கால் நீளத்தைக் கணக்கிட்டு, இவர் ஐரோப்பியப் பரிசோதகர்தான் என்று ஒருவர் நிறுவியிருந்தார். உவர்நீரில் துருப்பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் வாவிக்குள் இறக்கியிருக்கிறார்கள் என்றார் மற்றொருவர். அதற்கு மிகுந்த பாராட்டு.

சனிக்கிழமை விவசாயிக்குப் படத்தைக் காட்டினோம். அவர் நீண்ட நேரம் பார்த்தார்.

“இது நம்மட இல்ல.”

“என்ன மச்சான் கதைக்கிறாய்? அந்தா பாதைக்காரர்ர கை தெரியுது” என்றார் காக்கா.

“பாதைக்காரர் எல்லா நாளும்தானே நிக்கிறார்? நம்மட இவ்வளவு நீளமில்ல. மறுகா ஒரு நாள் மெய்யானது வந்திருக்கும். நம்மளக் கண்டிட்டுத்தான் அவங்களும் பாதையில ஏத்திப் பார்த்திருக்கானுகள்.”

தாதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அண்ணன், அது என்ர செருப்பு.”

“அப்பிடிச் செருப்பு கடையில ஒண்டுதானா விக்கிது?”

எனக்கு அன்று இரவெல்லாம் மனம் உறுத்தியது. மறுநாள் குழுவில் எழுதினேன்: அது மோட்டார் சைக்கிள் இல்லை, இரண்டு மூட்டை நெல், அளவுப்படம் கீறியவன் நான். ஆதாரத்துக்கு மூன்று தோற்றங்களையும் படமெடுத்துப் போட்டேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. கொம்பனியின் வரைபடமே கசிந்துவிட்டது என்று அரைமணி நேரத்தில் அதை ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள். நான் விடாமல் மறுத்து எழுதினேன். உண்மையை மூடிமறைக்கக் கொம்பனி அனுப்பிய ஆள் நான் என்று முடிவுகட்டி, மாலைக்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். சிரிப்பான விஷயம்தான், ஆனால் அன்று உண்மையாகவே அழுகை வந்தது. ஒன்பது வருடம் நான் இருந்த குழு அது. காக்காவை வைத்திருந்தார்கள், ஏனென்றால் அவர் எல்லாப் படத்துக்கும் பெருவிரல் அடையாளம் மட்டும் போடுவார்.

பிறகு கொம்பனியே அறிக்கை விட்டது, இலங்கையில் தாங்கள் ஒன்றையும் பரிசோதிக்கவில்லை என்று. அதோடு சந்தேகம் வைத்திருந்த சிலரும் பரிசோதனை நடந்தது என்றே நம்பிவிட்டார்கள்.

மாரி தொடங்குமுன் ஒரு ஞாயிறு காலை விவசாயி என்னை அவசரமாக வரச்சொன்னார். நான் போனபோது வளவில், குழுவில் வந்த படத்தைக் கண்டு திருகோணமலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பல் வைத்தியர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். அந்த வெயிலில் முழங்கை, முழங்கால் எல்லாம் கவசம். துறையில் விசாரித்தபோது பாதைக்காரர் நேரே இந்த வளவைக் காட்டிவிட்டாராம். எங்கள் வண்டி மாட்டுக்கொட்டிலில் தறப்பாளோடு நின்றது. வயல் வட்டைக்குள் போகும் மண் பாதையிலும் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று விவசாயி அதைப் பிரிக்க விடவில்லை.

இவரிடமாவது உண்மை எடுபடட்டும் என்று நான் தறப்பாளை முழுக்க இழுத்துவிட்டேன். அவர் பார்த்தார். நெல், ஒட்டுப்பலகை, பேசின். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

“நாலு மணித்தியாலம் ஓடி வந்தனீங்களா?” என்று கேட்டேன்.

“அஞ்சு” என்றார். பிறகு மெதுவாக, “ஒருக்கா ஏறி இருந்து பார்க்கலாமோ?”

விவசாயியும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். அவர் ஏறினார். கால் எட்டவில்லை. கைபிடியைப் பிடித்து, முதுகை நிமிர்த்தி, கொட்டிலின் சுவரை வெகுதூரம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு இருந்தார். விவசாயியின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தட்டோடு காத்துநின்றார். வைத்தியர் இறங்கவில்லை.

“எப்பிடி?” என்று விவசாயி கேட்டார்.

“இருக்கை நல்ல சொகுசு” என்றார் வைத்தியர். “பாரம்தான் கொஞ்சம் கூட.”

“அது கடைசியில வரக்குள்ள குறைப்பானுகள்” என்றார் விவசாயி.

வைத்தியர் தலையசைத்து, மேலே இருந்தபடியே கையை நீட்டித் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார். அவர் குடித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.